ஊசி இறகில் ஏறக் கூடாது
தையல் கேள்வி–பதில்

கேள்வி (வாசகி, அம்மாபேட்டை, சேலம்): வணக்கம் அம்மா. வரவேற்பு நிகழ்ச்சிக்காக ஒரு பெண்ணுக்கு ஐவரி நிறச் சாட்டினில் கவுன் தைக்கிறேன். கை ஓரத்தில் வைப்பதற்குத் தீக்கோழி இறகு லேஸை அவர்களே வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மெஷினில் ஓட்டினால் இறகுகள் தையலுக்குள் சிக்குகின்றன. லேஸை வெட்டிய இடத்திலோ கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. எப்படித் தைப்பது?

பதில்: முதலில் அந்த லேஸைத் திருப்பிப் பாருங்கள். இறகுகளின் அடியை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் ஒரு சங்கிலித் தையலை ஓட்டி, அதை மறைக்க ரிப்பனை மடித்து வைத்திருப்பார்கள். இறகுகளைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தையல்தான் என்பதால், நடுவில் எங்கே கத்தரித்தாலும் அங்கிருந்து பிரியத் தொடங்கும். ஆகவே வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு, குறியின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளி, ரிப்பனின் குறுக்கே கையால் நான்கைந்து பின்தையல் போட்டு முடிச்சிட்ட பிறகே கத்தரியை எடுங்கள். வெட்டும்போது இறகுகளை விரலால் இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு ரிப்பனை மட்டும் வெட்டினால் எதுவும் வீணாகாது.

மெஷினில்தான் தைக்க வேண்டும் என்றால், இறகுகளை எல்லாம் கீழ்நோக்கிக் கோதிவிட்டு, அவற்றின் மேல் இரண்டு அங்குல அகலமுள்ள காகிதப் பட்டையை வைத்துக் கவ்விப் பிடியுங்கள். ஜிப் வைக்கும் ஒற்றைக்கால் பாதத்தை மாட்டி, தையல் நீளத்தைக் கூட்டி, ரிப்பனின் மேல் விளிம்பிலேயே மெதுவாக ஓட்டுங்கள். ஆனால் கை ஓரம் போன்ற சிறிய வட்டத்திற்குக் கைத்தையலே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஊசி ரிப்பனில் மட்டுமே ஏற வேண்டும், இறகின் தண்டில் ஏறக் கூடாது. தண்டில் ஊசி ஏறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அணிந்து நாலு முறை கையை ஆட்டியதும் அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். லேஸை நேரடியாகக் கவுனில் தைக்காதீர்கள். அதே சாட்டினில் முக்கால் அங்குல அகலத்தில் ஒரு பட்டி வெட்டி, ஓரங்களை மடித்து, அதில் இறகு லேஸை ரிப்பனின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் நெருக்கமான ஹெம்மிங் தையலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியைக் கையின் உள்பக்கத்தில் சிறிய பிரஸ் பட்டன்களால் மாட்டிவிட்டால், வெளியே இறகுகள் மட்டும் தொங்கும், ரிப்பன் கண்ணில் படாது. சாட்டினுக்கு இஸ்திரி வேண்டும், இறகோ இஸ்திரியின் சூட்டைத் தாங்காது. கவுனைத் துவைப்பதுபோல இறகைத் துவைக்கவும் முடியாது. கழற்றி மாட்டும்படி வைத்தால் இரண்டும் நீண்ட நாள் உழைக்கும்.

அந்த லேஸ் சாயம் ஏற்றியதாக இருந்தால், ஈரமான வெள்ளைத் துணியில் ஓர் இறகை வைத்து அழுத்திப் பாருங்கள். துளி நிறம் இறங்கினாலும், வியர்வை படும் இடத்தில் அதை ஐவரிச் சாட்டினோடு சேர்க்க வேண்டாம். நம் ஊர் வெண்பட்டில் இறகு வைக்க நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி (வாசகி, ஏற்காடு): போன கிறிஸ்துமஸுக்கு மகளின் கம்பளிச் சால்வை ஓரத்தில் வெள்ளை மராபூ (கயிற்றில் கோத்த மெல்லிறகுச் சரம்) வைத்துத் தைத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் இறகு ஒட்டிப்போய், அங்கங்கே பூச்சி அரித்து, நெடியும் அடிக்கிறது.

பதில்: மராபூ என்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வான்கோழியின் மெல்லிறகு. இறகும் கம்பளியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை என்பதால், ஒன்றைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு மற்றதையும் தின்னும். ஏற்காட்டின் பனிமூட்டத்தில் ஈரம் உலராமலே பையில் அடைபட்டதுதான் நெடிக்குக் காரணம்.

சால்வையை அப்படியே புதிய பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே விடாவிட்டால் இறகின் மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். பிறகு மராபூவைப் பிரித்தெடுத்து, நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு ஷாம்பு விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடரை அருகிலும் கொண்டுவர வேண்டாம், அது இறகைக் கரைத்துவிடும். என்சைம் கலந்த சலவைத்தூளும் வேண்டாம். ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை வைத்து, உதறி உதறிக் காயவைத்தால் பழைய பூரிப்பு பெருமளவு திரும்பும்.

மறுபடியும் தைக்கும்போது நடுவில் உள்ள கயிற்றைக் குத்தாதீர்கள். துணியிலிருந்து மேலே வரும் நூல் கயிற்றைத் தாண்டிப்போய் மறுபக்கம் இறங்கட்டும். முக்கால் அங்குலத்திற்கு ஒரு தையல் போதும். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும், நூலுக்கு அடியில் மாட்டிய இழைகளை ஊசியின் காதுப் பக்கத்தால் நெம்பி வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தால் தையல் போட்ட தடமே தெரியாது. இனி பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். வெயில் வரும் நாளில் எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.

கேள்வி (வாசகர், ஓமலூர்): இவ்வளவு பாடு எதற்கு, பசைத் துப்பாக்கியால் ஒட்டினால் ஆகாதா?

பதில்: தலைப்பட்டை, கிளிப், ப்ரூச் ஆகியவற்றுக்கு ஆகும், அவை வளையாது, துவைக்கவும் மாட்டோம். அங்கேயும் பசையின் மேல் வட்டமான ஃபெல்ட் துண்டை வைத்து மூடுங்கள். உடையில் ஒட்டினால் பசை கெட்டித்து உடம்பில் குத்தும், துணி மடங்கும் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், சாட்டினில் அதன் கறை போகவே போகாது.

கேள்வி (வாசகர், குகை, சேலம்): தெய்வ வேடமிட்டவர்களை அலங்கார வண்டிகளில் ஊர்வலமாகக் கொண்டுபோகும் ஆடி மாத வண்டி வேடிக்கைக்கு முருகன் வேடத்தின் கிரீடத்திற்குப் பின்னால் மயிற்பீலிகளை விசிறியாக வைக்க வேண்டும். போன முறை வண்டி குலுங்கியதில் பாதி வழியிலேயே சரிந்துவிட்டன. மயிலிறகு வாங்குவது குற்றம் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைக் கொல்வதும் பிடிப்பதும் கடும் குற்றம். தானாக உதிர்ந்த தோகை இறகை நாட்டுக்குள் வாங்குவதற்குத் தடை இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் கூடாது. வாங்கும்போது தண்டின் அடியைக் கவனியுங்கள். உதிர்ந்த இறகின் அடி சுத்தமாக, கூம்பி இருக்கும். பிடுங்கிய இறகில் இரத்தக் கறை இருக்கும் என்பதால் அடியை வெட்டி விற்பவர்கள் உண்டு. அடி வெட்டுப்பட்ட இறகுக் கட்டு என்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். தண்டின் அடியில் ஓர் அங்குலத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உள்பக்கத்தைப் பிளேடால் மெல்லச் சீவி, பின்புறமாக மடித்தால் ஒடியாத கொக்கி கிடைக்கும். அதை ஒரு நைலான் கயிற்றில் மாட்டி, மடிந்த நுனியைத் தண்டோடு சேர்த்து நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். இப்படி எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, அடியிலிருந்து நாலு அங்குலம் மேலே இன்னொரு நூலால், பூத்தொடுப்பதுபோல ஒவ்வொரு தண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி அடுத்ததற்குப் போங்கள். போன முறை சரிந்ததற்குக் காரணம் அடியில் மட்டும் கட்டியதாகத்தான் இருக்கும். இந்த இரண்டாவது நூல்தான் இறகுகள் சுழலாமலும் சாயாமலும் நிறுத்துகிறது. கயிற்றையும் நூலையும் இரட்டையாக மடித்த பக்ரம் என்ற விறைப்பான துணியில் கைத்தையலால் பிடித்து, அந்தப் பக்ரத்தைக் கிரீடத்தோடு தையுங்கள். வண்டியில் தீபாராதனை காட்டுவார்கள் என்றால் விசிறியின் அகலத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். இறகு சட்டென்று தீப்பிடிக்கும்.