ஷாகாவுக்குக் கீழே டிங்கானேயை வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜூலு அரசர்களைப் பற்றி நீங்கள் வரைந்த வம்ச வரைபடத்தில் ஷாகா, டிங்கானே, ம்பாண்டே மூவரும் தந்தை, மகன், பேரன் என்று இறங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான். மூவரும் ஜூலு தலைவர் சென்சங்ககோனாவின் பிள்ளைகள், தாய்மார் வேறு: நண்டி, ம்பிகாசே, சொங்கியா.

சென்சங்ககோனாவை மேலே வைத்து, கீழே ஒரே படுக்கைக் கோட்டில் சிகுஜானாவையும் சேர்த்து ஆட்சி செய்த நான்கு சகோதரர்களை எழுதுங்கள். பிபியின் மகனான சிகுஜானாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தந்தைக்குப் பின் 1816 வாக்கில் தலைமை ஏற்றவர் அவர்தான். அவர் கொல்லப்பட்ட பிறகே, ம்தெத்வா என்ற அண்டை இனக்குழுவின் தலைவர் டிங்கிஸ்வாயோவின் ஆதரவோடு ஷாகா வந்தார். ஆட்சி வரிசையைப் பெயருக்குப் பக்கத்தில் 1 முதல் 4 வரை எண்ணாகக் குறியுங்கள். அம்புக்குறி போட்டால் மறுபடியும் தந்தை-மகன் போலத் தெரியும்.

ஷாகா தன் வாரிசென்று எந்தப் பிள்ளையையும் ஏற்கவில்லை. அதனால் 1828-இல் அவரைக் கொன்ற டிங்கானேயும் இன்னொரு சகோதரரான ம்லாங்கானாவும் அடுத்த உரிமையாளர்கள் ஆனார்கள். ம்லாங்கானாவையும் டிங்கானே விரைவிலேயே கொன்றார். 1840-இல் போயர்களின் (டச்சு வழிவந்த குடியேறிகளின்) துணையோடு ம்பாண்டே டிங்கானேயை வீழ்த்தினார்.

கீழிறங்கும் கோடு ம்பாண்டேயிடமிருந்து மட்டும்: செட்ஷ்வாயோ, பிறகு டினுசூலு. அதிலும் கவனம். 1856-இல் ன்டொண்டகுசுகா போரில் சகோதரன் ம்புயாசியைத் தோற்கடித்தாலும், செட்ஷ்வாயோ அரசரானது 1872-இல் தந்தை இறந்த பிறகே. ஆட்சித் தொடக்கமாக 1856-ஐப் போடாதீர்கள்.