தூண் கேக்டஸ்: வாசகர் கேள்வி – பதில்

காட்பாடி வாசகர்: நர்சரியில் கேக்டஸ் என்று சொல்லி மூன்றடி உயரத் தூண் ஒன்றைத் தந்தார்கள். தொட்டி மாற்றும்போது நுனி ஒடிந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. கேக்டஸில் பால் வருமா?

தூண் வகைக் கேக்டஸை எங்கே வெட்டினாலும் நீர்தான் கசியும். வெள்ளைப் பால் வராது. உங்களிடம் இருப்பது யூஃபோர்பியா. நம் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் தானாக வளரும் சதுரக்கள்ளிக்கு உறவு. நர்சரிகளில் அதிகம் விற்பது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூஃபோர்பியா டிரைகோனா. மூன்று முகடும், முகட்டு ஓரத்தில் சிறு இலைகளும் இருந்தால் அதுவேதான்.

செடியை ஒடிக்காமலேயே இரண்டையும் பிரித்தறியலாம். கேக்டஸில் முள் கிளம்பும் இடம் ஒவ்வொன்றிலும் பஞ்சு மெத்தை போன்ற ஒரு சிறு புள்ளி இருக்கும்; ஏரியோல் என்பார்கள். அதிலிருந்து முட்கள் கொத்தாக வரும், பூவும் கிளையும் அங்கிருந்தே வரும். யூஃபோர்பியாவில் அந்தப் பஞ்சு இருக்காது. முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். செடியைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உண்மையான தூண் கேக்டஸ் வாங்கும்போது முகடுகளைப் பாருங்கள். ஐந்து முதல் எட்டு வரை மெல்லிய, ஆழமான முகடுகளும் நீலப்பச்சை உடலும் இருந்தால் செரியஸ். 'செரியஸ் பெருவியானஸ்' என்ற சீட்டோடு விற்பவை பெரும்பாலும் செரியஸ் ரெபாண்டஸ் அல்லது செரியஸ் ஹில்ட்மானியானஸ். அந்தப் பெயரை நம்பி இனக்கலப்புக்கு இறங்க வேண்டாம். உடல் பளிச்சென்ற நீலம், முள் பொன்னிறம் என்றால் பைலோசெரியஸ். முகடு நெடுக ஏரியோல்கள் ஒன்றையொன்று தொட்டு வெள்ளைக் கோடு போட்டது போலிருந்தால், மெக்சிகோவில் வேலிக்கு நடும் மார்ஜினேட்டஸ். நீலச்சாம்பல் உடலில் ஐந்தாறு தடித்த முகடும், பக்கக்கிளைகள் குத்துவிளக்குத் திரிபோல் மேல்நோக்கி வளைவதும் மிர்டிலோகேக்டஸ்.

குடியாத்தம் வாசகி: நாலடி உயர செரியஸ். ஐப்பசி மழைக்குப் பிறகு அடிப்பக்கம் கறுத்து, அழுத்தினால் பொதபொதவென்று இருக்கிறது. மேலே பச்சையாகவே உள்ளது. மருந்து ஊற்றினால் பிழைக்குமா?

பிழைக்காது. அடி இளகிய பிறகு ஊற்றும் மருந்து மேலே ஏறாது, ஏனென்றால் அதை உறிஞ்ச வேண்டிய வேரே செத்திருக்கும். மேல்பாகத்தை வெட்டிக் காப்பாற்றுவதுதான் வழி. அதை இன்றே செய்யுங்கள். அழுகல் உட்தண்டு வழியாக நாளுக்கு நாள் ஏறும்.

சாக்கையோ பழைய செய்தித்தாளையோ பட்டையாக மடித்துத் தண்டைச் சுற்றிப் பிடியுங்கள். இன்னொருவர் துணை இருந்தால் நல்லது. நீளமான கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, கறுப்புக்கு ஒரு சாண் மேலே நேராக வெட்டுங்கள். வெட்டுமுகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் சோறு, அதைச் சுற்றிப் புள்ளிகளால் ஆன ஒரு வளையம், அதற்கு வெளியே பச்சைச் சதை. வளையத்துப் புள்ளிகள் வெளிறிய வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அந்த இடம் சுத்தம். ஒரே ஒரு புள்ளி ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ தெரிந்தாலும் பூஞ்சை அதையும் தாண்டி மேலே போயிருக்கிறது என்று பொருள். இரண்டு செ.மீ. கனத்துக்கு மறுபடி சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நோயைக் கத்தியே மேலே கொண்டுபோகும். புள்ளிகள் முழுக்கச் சுத்தமான பிறகு பாதுகாப்புக்கு இன்னொரு சீவல். நாற்றத்தோடு கூழாக ஒழுகினால் அது பாக்டீரியா அழுகல். அதற்கும் வெட்டுதான், ஆனால் இன்னும் தாராளமாக.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெட்டுமுகத்தின் ஓரத்தைச் சுற்றிலும் ஒன்றிரண்டு செ.மீ. சாய்வாகச் செதுக்கி, பென்சில் சீவியது போல் ஆக்க வேண்டும். காயும்போது நடுச்சதை உள்ளே சுருங்கும், தடித்த தோல் சுருங்காது. செதுக்காவிட்டால் வெட்டுமுகம் கிண்ணம் மாதிரி குழிந்து, வளையத்திலிருந்து வரும் வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துபோகும். செதுக்கியபின் கந்தகத்தூளோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளோ மெல்லியதாகத் தூவுங்கள்.

வெட்டியெடுத்த மேல்பாகமான போத்தைக் காற்றோட்டமான நிழலில், மழைச்சாரல் படாத இடத்தில், வெற்றுத் தொட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் நுனி வளையும், பக்கவாட்டிலும் வேர் விடும். மாசி, பங்குனியில் இரண்டு வாரத்தில் வெட்டுமுகம் தோல் கட்டிவிடும். இப்போதைய ஈரக்காற்றில் மூன்று, நான்கு வாரம் ஆகும். விரலால் தட்டினால் காய்ந்த தோல்போல் கெட்டியாக இருக்க வேண்டும். பிறகு காய்ந்த கலவையில் ஐந்து முதல் எட்டு செ.மீ. ஆழம் மட்டும் நட்டு, குச்சிகளோடு கட்டுங்கள். பத்து நாள் தண்ணீர் கூடாது. அதன்பின் வாரம் ஒருமுறை லேசாக. லேசாக இழுத்தால் பிடித்துக்கொண்டு நின்று, நுனியில் புதுப்பச்சையும் தெரிந்தால் வேர் ஓடிவிட்டது; இதற்கு நான்கு முதல் எட்டு வாரம்.

அழுகிய அடியையும் பழைய மண்ணையும் மக்குக்குழியில் போடாதீர்கள். தொட்டியைக் கழுவி நல்ல வெயிலில் காயவையுங்கள்.

இது ஏன் ஐப்பசியில் வருகிறது? நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலை, வேர் பிடித்த செரியஸ் தாங்கிவிடும். மண் நாள்கணக்கில் ஈரமாக இருந்து, அந்த ஈரம் வெதுவெதுப்பாகவும் இருந்தால்தான் வேரழுகல் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். வடகிழக்குப் பருவமழை அதைத்தான் தருகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு, தேங்காய்நார்க் கழிவு கலந்த நர்சரி மண், புரட்டாசியில் போட்ட யூரியா – இந்த மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். கலவை: செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு ஒரு பங்கு, சல்லடையில் சலித்த 3 முதல் 6 மி.மீ. செங்கல் பொடிசோ கருங்கல் சிப்ஸோ மூன்று பங்கு. இடித்த வீட்டுச் செங்கல் வேண்டாம், ஒட்டியிருக்கும் சுண்ணாம்பும் சிமென்ட்டும் மண்ணின் காரத்தை ஏற்றும். எம்-சாண்ட் போடுவதானால் மாவு போகக் கழுவியே போட வேண்டும். தரையில் நடுவோர் ஒன்றரை அடி மேடு கட்டி நடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை தொட்டிகளுக்கு மேலே ஒரு கண்ணாடித்தாள் கூரை போதும்; பக்கங்களை மூட வேண்டாம்.

ஆம்பூர் வாசகர்: போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். தொட்டியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது, புது வளர்ச்சி மஞ்சளாக வருகிறது. இரும்புச்சத்து போடலாமா?

போட்டாலும் செடிக்குச் சேராது. பாலாற்றுப் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, உப்பும் அதிகம். தண்ணீரின் காரம் மண்ணில் ஏற ஏற, இரும்பு மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும். முதலில் தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கீழே வடியுங்கள். வெயில் காயும் ஒரு வாரமாகப் பார்த்துச் செய்யுங்கள். மழைநீர் கிடைக்காத நாட்களில், வாளித் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பி.ஹெச். தாள் 6 காட்டும்போது நிறுத்துங்கள். மேல்மாடித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் கோடை முழுக்கத் தொட்டிகளுக்கு வரும். கோடையில் தண்ணீர் மாலையில், பத்து நாளைக்கு ஒருமுறை, அடி வரை நனைய. கேக்டஸின் சுவாசத் துளைகள் இரவில்தான் திறக்கும். இரவும் புழுங்கும் கத்திரி நாட்களில் செடிகள் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும், அப்போது உரம் வேண்டாம்.

சத்துவாச்சாரி வாசகி: மாடியில் வைத்த பத்து நாளில் மேற்குப் பக்கம் மட்டும் வெளிறிய மஞ்சள் திட்டு. நோயா?

வெயில்சூடு. நர்சரி நிழலில் வளர்ந்த தோல் நேரடி வெயிலைத் தாங்காது. திட்டு மாறாது, பரவவும் செய்யாது. 50 சதவீத நிழல்வலைக்குள் வைத்து, நான்கு வாரத்தில் படிப்படியாக வெளியே கொண்டுவாருங்கள். வாங்கும்போதே தெற்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வீட்டிலும் அதே திசையில் வையுங்கள். அடியிலிருந்து பழுப்பாக மரம்போல் ஏறுவது வயதின் அடையாளம், கெட்டியாக இருக்கும்வரை பயமில்லை. நுனியில் துருப்பிடித்தது போன்ற பொடிநிறம் என்றால் சிவப்புச் சிலந்தி: நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் தோலைக் கருக்கிவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகும்வரையும் கந்தகம் கூடாது.

திருப்பத்தூர் வாசகர்: நீல பைலோசெரியஸில் முள் இடுக்கெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சியா?

பைலோசெரியஸுக்கு ஏரியோலில் பஞ்சு இயல்பு, பூக்கும் பக்கத்தில் இன்னும் அதிகம். குண்டூசியால் கிளறுங்கள். பிசுபிசுப்போடு இழுபட்டு, உள்ளே இளஞ்சிவப்பு உடல் தெரிந்தால்தான் பூச்சி. எறும்பு வரிசை ஏறுவதும் அடையாளம். பஞ்சுக்குச்சியில் 70 சதவீத ஸ்பிரிட் நனைத்துப் பூச்சியை மட்டும் தொடுங்கள். உடலில் தேய்த்தால் நீலமெழுகு அழிந்து, அந்த இடம் பச்சையாகவே நின்றுவிடும். இதே காரணத்தால் இந்தச் செடிக்கு வேப்பெண்ணெய்த் தெளிப்பைப் பரிந்துரைக்கவில்லை. செடி காரணமின்றிச் சுருங்கினால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேரில் வெண்பொடி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்கக் கழுவி, வேரை ஒரு வாரம் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள்.

ஆற்காடு வாசகர்: செரியஸ் வருடாவருடம் பூக்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. பக்கத்து வீட்டிலும் இதே செடி உண்டு. கலப்பு செய்து விதை எடுக்க ஆசை.

பக்கத்து வீட்டுச் செடி உங்கள் செடியின் போத்தாக இருந்தால், அது தனிச்செடியாகாது. மரபில் இரண்டும் ஒன்றே. செரியஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு ஊரிலிருந்து, வேறு தாய்ச்செடியிலிருந்து, முடிந்தால் விதையில் வளர்ந்த ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

பூ இருட்டிய பிறகு திறந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் வாடிவிடும். சொந்த ஊரான தென் அமெரிக்காவில் அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் செய்யும் வேலையை நீங்கள் செய்ய வேண்டும். தாயாகும் பூவின் மொட்டு மாலையில் வாய் பிளக்கும்போதே கத்தரியால் மகரந்தப்பைகளை நறுக்கி எடுத்துவிட்டு மெல்லிய துணிப்பை கட்டுங்கள். இரவு பத்து மணிவாக்கில், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியின் விரல்கள் விரிந்து பிசுபிசுப்பாக இருக்கும். தந்தைப்பூவின் மகரந்தத்தைக் காய்ந்த தூரிகையால் தாராளமாக அப்பி, மீண்டும் பையைக் கட்டுங்கள். இரண்டும் ஒரே இரவில் பூக்காவிட்டால், மகரந்தத்தைக் காகித மடிப்பில் வைத்து, சிலிகா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் குளிர்பெட்டிக்குள் சில வாரம் காக்கலாம். சீட்டில் தாய் பெயர் முதலில், பிறகு பெருக்கல் குறி, பிறகு தந்தை, தேதி.

காய் பிடிக்காத பூ சில நாளில் அடி மஞ்சளாகி விழும். பிடித்தது நின்று, அடி பருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பழுத்து நீளவாக்கில் வெடிக்கும். அதற்குமுன் வலை கட்டாவிட்டால் அணிலும் கிளியும் முந்திவிடும். ஒரே பேரினத்துக்குள் கலப்பு எளிது, தூரத்து உறவுகளில் விதை பெரும்பாலும் பொக்கு. பூ நிறத்தைத் தேடுவதைவிட, கூரையில்லாமல் இரண்டு மழைக்காலம் தாண்டும் நாற்றுகளைப் பொறுக்கி அவற்றுக்குள் கலப்பு செய்வதே இந்த வட்டாரத்துக்கு அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து.

வாலாஜா வாசகர்: இணையத்தில் சகுவாரோ என்னும் தூண் கேக்டஸின் விதை வாங்கினேன். எப்படி விதைப்பது, கைபோன்ற பக்கக்கிளை எப்போது விடும்?

அமெரிக்காவின் சோனோரப் பாலைவனத்தில், சகுவாரோ முதல் எட்டு ஆண்டில் ஒன்றரை அங்குலம்கூட வளர்வதில்லை. பூக்க 35 ஆண்டளவு, கை விட ஐம்பதுக்கு மேல். விதை சிறிய, பளபளப்பான கறுப்பாக இருக்க வேண்டும். வேறு நிறமென்றால் ஏமாற்று.

மாசி தொடக்கத்தில் விதையுங்கள். மேற்சொன்ன கலவையைச் சன்னமாகச் சலித்து, இட்லிப் பானையில் இருபது நிமிடம் ஆவி காட்டி ஆறவிட்டு, மூடியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் ஐந்து செ.மீ. நிரப்புங்கள். விதையை மேலே தூவினால் போதும், மண் மூடக்கூடாது. கொதித்து ஆறிய நீரை அடியிலிருந்து உறிஞ்சவிட்டு மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் படக்கூடாது. 25 முதல் 30 டிகிரியில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். முட்கள் தெரிந்த பின் மூடியை நாளொரு விரல்கடையாகத் திறந்து பழக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் சுருண்டுவிடும், மூடியே வைத்தால் பாசியும் நாற்றழுகலும் வரும்.

அதே தோற்றம் சீக்கிரம் வேண்டுமானால் மெக்சிகோவின் கார்டான், அதாவது பாக்கிசெரியஸ் பிரிங்லெய் விதை தேடுங்கள். சகுவாரோவைவிட வேகமாக வளரும்.