லிஸ்ட்டை மூடி வச்சுட்டு ஒரு தட்டை எடுத்து வைங்க டீச்சர்

அன்புள்ள அண்ணே,

தேவகோட்டை பக்கம் ஒரு ஸ்கூல்ல ஆறாவது எடுக்குறேன். லீவு விடுறதுக்கு முன்னாடி உலக நாடுகள்ல கிறிஸ்துமஸ் எப்படின்னு பசங்களுக்கு அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. நெட்ல தேடினா ஜப்பான்ல கேஎஃப்சி சிக்கன் சாப்பிடுவாங்க, வெனிசுலாவுல ஸ்கேட்டிங் பண்ணிக்கிட்டே சர்ச்சுக்கு போவாங்க, உக்ரைன்ல மரத்துல சிலந்தி வலை தொங்கவிடுவாங்கன்னு ஒரே லிஸ்டா வருது. பசங்க சிரிப்பாங்க, மறுநாளே மறந்துருவாங்க. வேற எப்படி சொல்றது? ரஷ்யாவுல மட்டும் ஏன் ஜனவரின்னு ஒரு பையன் இப்பவே கேட்டுட்டான், அதுக்கும் பதில் வேணும். என் பேரு போடாதீங்க.

அன்புள்ள டீச்சர்,

லிஸ்ட்ல இருக்குறது பொய்யில்ல. ஆனா "அவங்க இப்படி பண்றாங்க பாரு"ன்னு அதோட நிறுத்திட்டா அந்த ஜனங்க பசங்க மனசுல வேடிக்கையா மட்டும்தான் நிப்பாங்க. நம்ம பிள்ளையார் நோன்பை எவனாவது "செட்டிநாட்டுல எரியுற திரியை அப்படியே முழுங்குவாங்க"ன்னு ஒத்த வரியில எழுதிட்டுப் போனா நமக்கு எப்படி இருக்கும்? திருக்கார்த்திகையில இருந்து 21 நாள் எண்ணி, 21 நூல் இழையைத் திரியாக்கி, இனிப்பு மாவுல வச்சு ஏத்தி, பெரியவங்க கையால வாங்கிக்கிறது, ஊர்ல இல்லாதவங்க மலேசியாவுல சிங்கப்பூர்ல எங்க இருந்தாலும் அங்கேயே கூடி இழை எடுத்துக்கிறது, இதெல்லாம் அந்த வரியில எங்க இருக்கு?

ஜப்பானை ரெண்டு வரியில முடிச்சுருங்க. அங்க கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுதான், 25ஆம் தேதி அரசு லீவே கிடையாது, 1974-ல அந்த கம்பெனி பண்ண விளம்பரம் ஜனங்களுக்கு பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

நேரத்தை போலந்துக்கு குடுங்க. 24ஆம் தேதி சாயங்காலம் வானத்துல முதல் நட்சத்திரம் தெரியுற வரைக்கும் சாப்பிட உக்கார மாட்டாங்க, பிள்ளைங்க ஜன்னலோரமே நிக்கும். மேஜை விரிப்புக்கு அடியில கொஞ்சம் வைக்கோல் வைப்பாங்க, ஏசு பிறந்தது தொழுவம்ல, அதுக்காக. சாப்பிடுறதுக்கு முன்னாடி மெல்லிசா அப்பம் மாதிரி ஒண்ணை ஒருத்தருக்கொருத்தர் உடைச்சுக் குடுத்து வாழ்த்து சொல்லிக்குவாங்க. அப்புறம் 12 வகை, அதுல கறி கிடையாது, மீன் உண்டு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, வீட்ல எத்தனை பேரோ அதுக்கு மேல ஒரு தட்டு போட்டு வைப்பாங்க. சொல்லாம கொள்ளாம யாராவது வந்து கதவைத் தட்டினா அவங்களுக்கு. செத்துப்போனவங்க நினைப்புலயும், தூரத்துல இருந்து வர முடியாதவங்களுக்காகவும் அந்த தட்டுன்னு சொல்ற வீடுகளும் உண்டு. உங்க கிளாஸ்ல அப்பா சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருக்குற பிள்ளைங்க கண்டிப்பா இருக்கும், அதுங்களுக்கு இந்த தட்டைப் பத்தி நீங்க விளக்கவே வேண்டியதில்ல. நம்ம ஊரே அப்படித்தானே, கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பண்ணப் போன ஆம்பளைங்க பர்மாவுலயும் மலேயாவுலயும் வருஷக்கணக்கா இருக்க, வீட்டுப் பொம்பளைங்க, நம்ம ஆச்சிமாருங்க, இங்க பெரிய வளவு வீட்டைப் பாத்துக்கிட்டு இருந்த ஊரு.

பிலிப்பைன்ஸ்ல இது இன்னும் பெருசு. ஹாங்காங்லயும் வளைகுடாவுலயும் வேலைக்குப் போன அம்மாக்கள், அப்பாக்கள் மாசக்கணக்கா சோப்பு, சாக்லேட், டின் சாமான், செருப்புன்னு சேத்து பெரிய அட்டைப்பெட்டியில கட்டி கிறிஸ்துமஸுக்கு வந்து சேர்ற மாதிரி கப்பல்ல போட்டு விடுவாங்க. டிசம்பர் 16-ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது நாள் விடியறதுக்கு முன்னாடி பூசை, வயல் வேலைக்குப் போறவங்க பூசை பாத்துட்டு கிளம்பட்டும்னு அந்த நேரம் வச்சதா சொல்றாங்க. அந்த இருட்டுல வீட்டு வாசல்ல மூங்கிலும் பேப்பரும் வச்சு செஞ்ச நட்சத்திர விளக்கு எரியும். பூசை முடிஞ்சு வெளியில வந்தா மூங்கில் குழாய்ல அவிச்ச ஊதா நிற அரிசிப் புட்டு, மேல தேங்காய்த்துருவலும் சர்க்கரையும். நம்ம பசங்களுக்கு மார்கழி விடியக்காலையும் தெரியும் குழாப்புட்டும் தெரியும், உடனே பிடிச்சுக்குவாங்க.

அதே ஒன்பது நாள் ராத்திரி மெக்சிகோவுல சூசையும் மரியாளும் தங்க இடம் தேடின கதையை தெருத்தெருவா நடத்துவாங்க. வெளிய நிக்கிறவங்க இடம் குடுங்கன்னு பாடுவாங்க, உள்ள இருக்கிறவங்க இடமில்ல போங்கன்னு பாட்டுலயே பதில் சொல்லுவாங்க, கடைசியா ஒரு வீட்ல கதவு திறக்கும், எல்லாரும் உள்ள போய் சாப்பிடுவாங்க. இதை கிளாஸ்லயே நடிக்க வைக்கலாம், ஒரு கதவு இருந்தா போதும்.

இப்ப அந்தப் பையன் கேள்விக்கு வர்றேன். ஜூலியஸ் சீசர் காலத்து காலண்டர் கொஞ்சம் கொஞ்சமா சூரியனோட கணக்குல இருந்து விலகிப்போச்சு, 1582-ல போப் கிரகோரி அதைத் திருத்தினார், ஆனா ரஷ்ய திருச்சபை பண்டிகைகளுக்கு பழசையே வச்சுக்கிச்சு. இன்னைக்கு ரெண்டுக்கும் 13 நாள் வித்தியாசம், அதனால அவங்க டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சி வேற வேற தேதியில வருதே, அந்த மாதிரின்னு சொல்லுங்க, வீட்ல தாத்தாகிட்ட கேட்டுக்குவான். எத்தியோப்பியாவுலயும் ஜனவரி 7-தான், அதுக்கு முன்னாடி 43 நாள் கறி, பால், முட்டை எதையும் தொடாம விரதம் இருப்பாங்க. உக்ரைன் 2023-ல இருந்து அரசு விடுமுறையை டிசம்பர் 25-க்கு மாத்திக்கிச்சு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், வெளிநாட்டுல இருந்து ஆரம்பிக்காதீங்க. ராமநாதபுரம் பக்கம் ஓரியூர்ல அருளானந்தர்ங்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் கிறிஸ்தவத்துக்காக உயிரை விட்டது 1693-ல, நம்ம பக்கத்து பெரிய வீடுங்க பலதும் எழும்புறதுக்கு ரொம்ப முன்னாடி. பழைய சர்ச் இருக்குற சருகணி, இடைக்காட்டூர் பக்கம் சொந்தம் உள்ள கிறிஸ்தவப் பிள்ளைங்க உங்க கிளாஸ்லயே இருக்கும். முதல் பத்து நிமிஷம் அதுங்களைப் பேச விடுங்க, குடில் எப்படி கட்டுவாங்க, ராத்திரி பூசைக்கு யார் யார் போவாங்க, பக்கத்து வீட்டுக்கு என்ன பலகாரம் குடுத்து விடுவாங்கன்னு. அதுக்கப்புறம் போலந்துக்குப் போங்க. நேரம் மிச்சமிருந்தா மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் குடுத்து அந்த பிலிப்பைன்ஸ் ஸ்டாரை செய்யச் சொல்லுங்க, அஞ்சு முனை போதும், பசைக்கு வீட்ல காய்ச்சின மைதா பசையே நல்லா ஒட்டும்.