தொட்டிச் செம்பருத்தி ஏன் வாடுகிறது?

கேள்வி: பால்கனியில் இரண்டு தொட்டிகளில் செம்பருத்தி வளர்க்கிறேன். ஒரு மாதமாக இலைகள் துவண்டு தொங்குகின்றன. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மொட்டும் விழுந்துவிடுவதால் அத்தையின் பூஜைக்குக்கூடப் பூ இல்லை. ஆபீஸ் முடிந்து வந்ததும் தவறாமல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். பகலில் அத்தையும் ஊற்றுவார் என்று நினைக்கிறேன், அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. டி.ஏ.பி. உரம் போட்டும் பயனில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: மருந்தை அப்புறம் பார்ப்போம். 'அத்தையும் ஊற்றுவார் என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன நினைப்பு? ஒரே வீடு, ஒரே பால்கனி. "செடிக்குத் தண்ணீர் ஊற்றினீங்களா அத்தை?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுத முடிந்த உங்களுக்கு, அடுத்த அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை.

செடி வாடுவதும் இதனால்தான். இலை துவண்டால் தாகம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே துவண்டால், வேருக்கு மூச்சு முட்டுகிறது. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேரால் சுற்றி நிற்கும் தண்ணீரைக்கூட உறிஞ்ச முடியாது. வாடுகிறதே என்று அவர் பகலில் ஒரு முறை, நீங்கள் மாலையில் ஒரு முறை ஊற்றுகிறீர்கள். இருவரும் அக்கறையாகத்தான் ஊற்றியிருப்பீர்கள். ஒருவரை ஒருவர் கேட்காமல் ஊற்றியதுதான் வினை.

இன்றே அடித்தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டியின் துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள். பிறகு தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு எடுத்து வேரைப் பாருங்கள். வெளுத்து, விறைப்பாக இருப்பது நல்ல வேர். கறுத்துப்போய், விரலால் உருவினால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, உள்ளே நூல் மாதிரி நின்றால் அது அழுகிய வேர். வாடையே காட்டிக்கொடுக்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எறியுங்கள். வேர் குறைந்ததால் கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து புதிதாக நடுங்கள். ஒரு வாரம் நிழலான வெளிச்சத்தில் இருக்கட்டும், அப்புறம் வெயிலுக்கு நகர்த்தலாம். டி.ஏ.பி.யைத் தொடாதீர்கள், நொந்த வேரை அந்த ரசாயன உரத்தின் உப்பு இன்னும் கருக்கும். புதுத் துளிர் வந்த பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். இலைக்கடியில் பஞ்சு பஞ்சாக மாவுப்பூச்சி தெரிந்தால் மட்டும், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

தொட்டியைத் தூக்க உங்கள் கணவரைக் கூப்பிடுங்கள். கடிதத்தில் அவர் பேச்சே இல்லை. அம்மாவும் மனைவியும் ஒரு செடியைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் சும்மா இருந்தால் அது பெரிய தப்பு.

இனி தண்ணீர் ஊற்றுவது ஒருவர் வேலையாக மட்டும் இருக்கட்டும். அதை அத்தையிடம் விடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர் அவர், பூ வேண்டியவரும் அவர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் துளை வழியே வடியும் வரை ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தினமும் கேட்கும், ஐப்பசி மழையில் பல நாள் கேட்காது.

இதை அவரிடம் உத்தரவு மாதிரி சொல்லாதீர்கள். "செடி வாடுது அத்தை, நாம ரெண்டு பேரும் ஊத்துறது ஜாஸ்தி ஆயிடுச்சு போல, இனிமே நீங்களே பார்த்துக்கிறீங்களா?" என்று கேளுங்கள். பெரியவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்கிறீர்கள் என்றால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் சின்னவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் வேறு ஏதாவது மனஸ்தாபம் இருந்தால் தனியாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் அவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.