மண்டிக்கு லேட்டாகும்னு மிதிச்சேன், ஸ்பீடு ஃபைன் யார் தலையில?

கேள்வி: சார், நீலகிரி கேத்தி பாலாடால இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு பிக்கப் ஓட்டறேன். மலை எறங்கி கல்லார் தாண்டி நேர் ரோட்டுல ஸ்பீடு கேமராவுல மாட்டிட்டேன். ஓனர் போனுக்கு 1000 ரூபாய்க்கு சலான் வந்திருக்கு, சம்பளத்துல புடிச்சுக்குவேங்கறார். இத்தனை மணிக்குள்ள மண்டில நிக்கணும்னு விரட்டறதும் அவரேதான். நான் என்ன பண்றது?

பதில்: மொதல்ல அந்த சலான் நெசமான்னு பாருங்க தம்பி. வாட்ஸப்புல ஏபிகே ஃபைலா, அதாவது போன்ல ஆப் ஏத்தற ஃபைலா வந்திருந்தா தொடவே வேணாம், தொட்டா ஃபைனோட போகாது, பேங்க்ல இருக்கறதும் போயிடும். அரசாங்கத்தோட பரிவாகன் இ-சலான் சைட்டுல வண்டி நம்பர் போட்டு, அங்க காட்டுனா மட்டும் நம்புங்க.

தொகை சரிதான். மோட்டார் வாகனச் சட்டம் 183வது பிரிவுல பிக்கப் மாதிரி லைட் வண்டிக்கு 1000ல இருந்து 2000 வரைக்கும், அதுவே லாரி, பஸ்ஸுன்னா 2000ல இருந்து 4000. ரெண்டாவது தடவை மாட்டுனா லைசென்ஸையே வாங்கி வெச்சுக்கலாம்னு அதே பிரிவுல இருக்கு, பொழப்பு வண்டி ஓட்டறவருக்கு 1000 ரூபாய விட இதுதான் பயம்.

இப்ப உங்க ஓனர் விஷயத்துக்கு வருவோம், இது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பிரிவு ஓட்டுனவரை மட்டும் சொல்லல, தன்கிட்ட வேலை பாக்கறவரை அப்படி ஓட்ட வெச்சவரையும் சேர்த்துதான் சொல்லுது. இன்னும் ஒண்ணு, இத்தனை நேரத்துக்குள்ள போய்ச் சேருன்னு ஒருத்தர் சொல்லி, வேகத்தை மீறாம அந்த நேரத்துல போகவே முடியாதுன்னு கோர்ட்டு நெனச்சா, அப்படிச் சொன்னதே அவர் மேல முதல்நிலை சாட்சியாம், அதாவது அவர் மறுத்து நிரூபிக்காத வரைக்கும் அவரும் தப்பு பண்ணவர்னுதான் எடுத்துக்குவாங்க. பஸ் டைம் போடறவங்களுக்கு மட்டுமில்ல, "நாலு மணிக்குள்ள மண்டில இருக்கணும்"னு வாய்ஸ் மெசேஜ் போடறவருக்கும் இது பொருந்தும், அதனால அந்த மெசேஜ அழிக்காதீங்க. ஆனா ஒண்ணு, அவர் தப்பு பண்ணாருன்னு உங்க தப்பு கழிஞ்சிடாது, ரெண்டு பேரும் தனித்தனி.

கட்டறதுக்கு முன்னாடி நோட்டீஸ நல்லா படிங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2021ல வந்த 167ஏ விதிப்படி போட்டோ, மெஷின் காட்டுன வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் அதுல இருக்கணும், கேமரா இருக்கற ரோட்டுல முன்கூட்டியே எச்சரிக்கை போர்டும் வெச்சிருக்கணும். போட்டோல இருக்கறது உங்க வண்டி இல்லைன்னா, இல்ல அந்த நேரம் வண்டி செட்ல நின்னுச்சுன்னா எதிர்த்து எழுதலாம். நீங்கதான் ஓட்டுனீங்க, போட்டோவும் தெளிவா இருக்குன்னா கட்டி முடிச்சிருங்க, கோர்ட்டுக்கு ஒரு நாள் போனா அன்னிக்குக் கூலி போச்சே. கட்டாம விட்டா வண்டி பேர் மாத்தும்போது, எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டும்போது வந்து நிக்கும்.

குன்னூர்ல இருந்து எறங்கற 14 கொண்டை ஊசி வளைவுலயும் லோடு வண்டி செகண்டு கியர்ல முனகிட்டுதான் வரணும், அங்க விட்ட நேரத்தை யாரும் புடிக்க முடியாது, அதான் கல்லார் தாண்டுனதும் எல்லாரும் மிதிக்கறாங்க. ஓனர்கிட்ட சட்டம் பேசிச் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, கேரட் கழுவற மெஷின்ல உங்க மூட்டைய அரை மணி முன்னாடி ஏத்தச் சொல்லிக் கேளுங்க, ஃபைன்ல பாதியை அவர் ஏத்துக்கறாரான்னும் அப்பவே கேட்டுருங்க.