அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து: யாரால் எந்த விதி வந்தது? கேள்வி பதில்

கேள்வி: சார், ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பயிற்சியாளராகவும் சாதித்தாரா?

இல்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 55 வெற்றி, 60 தோல்வி. அங்கே தோல்விக் கணக்கு கூடுதலாக உள்ள ஒரே பயிற்சியாளர் அவர்தான். ஆனால் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்ட் உடற்பயிற்சிக் கூடத்தில் பீச் பழக்கூடையை அவர் மாட்டிய மாடிக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி. ரிங்கின் உயரம் இன்றும் அதேதான்.

கேள்வி: கோல்டெண்டிங் தடை, டங்க் (குதித்துப் பந்தை மேலிருந்து ரிங்குக்குள் திணிப்பது) தடை இதெல்லாம் உயரமானவர்களை அடக்கத்தானே?

பெரும்பாலும் ஆமாம். டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குலம், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பாப் கர்லண்ட் 7 அடி. ரிங்குக்கு முன்னால் நின்றபடி, உள்ளே இறங்கப்போகும் பந்தைத் தட்டிவிடுவார்கள். இதுதான் கோல்டெண்டிங். 1944-45 பருவத்தில் அதற்குத் தடை வந்தது.

அடுத்து பில் ரஸ்ஸல். 1955, 1956 இரண்டு ஆண்டும் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் பட்டம். அவர் காலத்தில், ரிங்குக்கு முன்னால் தரையில் கோடு போட்ட பகுதியான 'கீ'யின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். பழைய கோட்டுக்கு வெளியே நின்றாலும் ரிங்கின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 3 அடிதான். கை நீட்டினால் போதும். புதிய கோட்டில் அது 6 அடி. மூன்று செகண்டுக்கு மேல் உள்ளேயே குடியிருந்தால் விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விடும்.

டங்க் தடை 1967-68 முதல் 1975-76 வரை. காயம், உடையும் ரிங் என்று காரணம் சொன்னார்கள். ஊரே அதை 'ஆல்சிண்டர் விதி' என்றுதான் அழைத்தது. யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாணவரான அந்த ஆல்சிண்டர்தான் பிற்காலக் கரீம் அப்துல் ஜப்பார். டங்க் போனதும், ஒரு கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்து எறியும் ஸ்கை ஹூக்கைத் தீட்டிக்கொண்டார். தடை யாருக்கு நட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்!

கேள்வி: 1985 கல்லூரிப் பட்ட இறுதி ஆட்டத்தில் வில்லனோவா எப்படி ஜார்ஜ்டவுனை வென்றது?

66-64. எல்லோரும் வில்லனோவாவின் ஷாட்களில் உள்ளே விழுந்த 78.6 சதவீதத்தைப் பேசுகிறார்கள். நான் பார்ப்பது 28 என்ற எண்ணை. மொத்தமே 28 ஷாட், 22 உள்ளே. இத்தனை நொடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஷாட் கிளாக் அந்தத் தொடரில் இல்லை. நல்ல ஷாட் கிடைக்கும்வரை பந்தைச் சுற்றவிடலாம். ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூவிங் உள்ளே காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த பருவமே 45 நொடி கிளாக் வந்தது. பிறகு 35, 2015-16இல் 30.

கேள்வி: ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பீட் மராவிச்சின் சாதனையான 3,667 புள்ளிகள் அவ்வளவு பெரிதா அண்ணா?

83 ஆட்டத்தில் எடுத்தது, சராசரி 44.2. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு அப்போது கிடையாது, முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடவும் முடியாது. 2023இல் அன்டுவான் டேவிஸ் 144 ஆட்டம் ஆடி 3,664இல் நின்றார்.

கேள்வி: யுசிஎல்ஏ பயிற்சியாளர் ஜான் வுடன் சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்தார் என்பது உண்மையா?

உண்மை. 12 ஆண்டில் 10 பட்டம் வென்றவரின் முதல் பாடமே அதுதான். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இல்லாமல் தடவிவிட வேண்டும். பிறகு துளை துளையாக நாடாவை இழுத்து இரட்டை முடிச்சு. சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும்.