ஒரு கைப்பிடி வேர்க்கடலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வயது 38. வீட்டிலேயே தையல் வேலை. அம்மாவுக்கும் பெரியக்காவுக்கும் சர்க்கரை. போன மாதம் எனக்குப் பார்த்ததில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c பரிசோதனை) 6.1 வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டைப் பார்த்துக்கொள், தினமும் நட என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். ராத்திரி ஊறப்போட்ட பாதாம் பத்து சாப்பிட்டால் சர்க்கரை வரவே வராதாம். பாதாம் விற்கிற விலைக்கு எங்கே போவது? வேர்க்கடலை சாப்பிடலாமா என்றால் மாமியார் "அது பித்தம், கொழுப்பு" என்கிறார். எது உண்மை?

ச., புதுவண்ணாரப்பேட்டை

அன்புள்ள ச.,

வேர்க்கடலை தாராளமாகச் சாப்பிடலாம். பாதாமுக்காக மாதச் செலவில் துண்டு விழ வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கடலை வந்து உட்காரும் இடத்திலிருந்து வேறொன்று எழுந்து போக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராயபுரத்தில் என் பெரியம்மா வீட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறேன். காலையில் ஊறிய பாதாமைப் பிதுக்கித் தோலெடுத்து ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொள்வார். பூஜைக்குப் பூ எடுத்து வைப்பது மாதிரி அவ்வளவு கவனம். அதைச் சாப்பிட்ட பிறகு வழக்கம்போல நாலு இட்லி, பதினொரு மணிக்கு சர்க்கரை போட்ட டீயும் பட்டர் பிஸ்கட்டும், மதியம் தட்டு நிறையச் சோறு. எதுவும் குறையவில்லை, பாதாம் மட்டும் கூடுதலாகச் சேர்ந்தது. அப்புறம் ஒரு கடைக்காரர், இத்தனை பாதாம் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் போய், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் "வரவே வராது" என்று முடியும் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவில் 83,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை 16 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. வாரத்தில் ஐந்து முறையாவது கொட்டை வகைகள் சாப்பிட்ட பெண்களுக்கு, அநேகமாகச் சாப்பிடாதவர்களைவிட, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 27 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு முறை என்பது 28 கிராம். உங்களுக்கு இதில் முக்கியமான விஷயம், வேர்க்கடலை வெண்ணெயை அதே அளவு அடிக்கடி சாப்பிட்டவர்களுக்கும் சுமார் 21 சதவீதம் குறைவு. வேர்க்கடலை மண்ணுக்கடியில் விளையும் பயறு வகை, மரத்துக் கொட்டையே இல்லை. ஆனாலும் உடம்புக்குள் போய்ச் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இது கேள்வி கேட்டுக் கவனித்த ஆய்வு. கொட்டை சாப்பிடுகிறவர்கள் பொதுவாக ஒல்லியாகவும், கூடுதலாக உடற்பயிற்சி செய்கிறவர்களாகவும் இருந்தார்கள். அதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே விடையைச் சொல்லவில்லை. சிலவற்றில் உடல் எடையைக் கணக்கில் எடுத்ததும் பலன் தேய்ந்துபோனது. ஆகவே இதைத் துணை என்று சொல்லுங்கள், தடுப்பூசி மாதிரி நினைக்காதீர்கள்.

நம் ஊரிலேயே செய்து பார்த்ததும் உண்டு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சர்க்கரை உள்ள 300 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்குத் தினமும் 30 கிராம் முந்திரி 12 வாரம் கொடுத்தது. 2018-ல் வந்த முடிவு: எடை கூடவில்லை, சர்க்கரை ஏறவில்லை, நல்ல கொழுப்பு கூடியது, ரத்த அழுத்தத்தின் மேல் எண் கொஞ்சம் இறங்கியது. "கொழுப்பு" என்று பயப்படும் உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அதே நிறுவனம் எடை அதிகமாக உள்ள 400 பேரிடம் தினம் 43 கிராம் பாதாமை வைத்துச் செய்த ஆய்வில் உடல் இன்சுலினைப் பயன்படுத்தும் விதம் மேம்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது கலிபோர்னியாவின் பாதாம் வாரியம். ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதாமுக்குப் பின்னால் இப்படிச் செலவு செய்ய ஆள் இருக்கிறது. உங்கள் வாட்ஸ்அப்பில் பாதாம் மட்டும் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, ஏன் வேலை செய்கிறது? 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் 25 கிராமுக்கு மேல், நார்ச்சத்து சுமார் 8 கிராம், மாவுச்சத்து குறைவு. கொழுப்பில் பெரும்பங்கு நல்ல வகை. மெக்னீசியமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறாது, வயிறும் சீக்கிரம் காலியாகாது. பன்னும் பிஸ்கட்டும் இதற்கு நேர் எதிர்.

நம் பக்கத்துச் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். டீக்கடையில் பன், பஜ்ஜி, சமோசா. பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் அத்தோ, அதுவும் மைதா நூடுல்ஸ்தான். தையல் மிஷினிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்திருக்கும்போது உங்களுக்கு என்ன கைக்கு வருகிறது? அந்த இடத்தில் கடலையை வையுங்கள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் ராயபுரத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் இருந்தார். மணலைக் காயவைத்து, தோலோடு கடலையைக் கொட்டி, கரண்டியால் வாணலி விளிம்பில் டங் டங்கென்று தட்டுவார். சல்லடையில் மணல் கீழே இறங்க, சூட்டோடு பொட்டலம் மடிப்பார். அப்பா அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருவார். உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் சிவப்புத் தோல் பறக்கும். நாங்கள் எல்லாரும் ஊதித்தான் சாப்பிட்டோம். இப்போது நான் ஊதுவதில்லை. அந்தத் தோலிலும் நல்லது இருக்கிறது, அப்படியே மெல்லுங்கள்.

அளவு, ஓடு எடுத்தபின் ஒரு கைப்பிடி. சுமார் 30 கிராம். அதிலேயே 170 கலோரி வந்துவிடும், அதனால்தான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கக் கூடாது. அவித்ததோ வறுத்ததோ உங்கள் விருப்பம். எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலையும் வெல்லப் பாகில் பிடித்த கடலை மிட்டாயும் இந்தக் கணக்கில் வராது. உப்புக் கடலையை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். அவருக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது சிக்கல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கடலையே கொடுக்க வேண்டாம்.

கடற்காற்றில் எதுவும் சீக்கிரம் நமத்துப்போகிற ஊர் நம்முடையது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது, வாயில் போட்டால் காறுவது எதையும் "வீணாகிறதே" என்று விழுங்க வேண்டாம். கடலைப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். பித்தம் என்று அவர் சொல்வது, ஒரு படி கடலையைக் கூடிச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரிந்த அனுபவமாக இருக்கும். ஒரு கைப்பிடியை அவரோடு பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.

2023-ல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. உங்கள் 6.1 இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை, 6.5-ல்தான் எல்லை. மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அங்கே கீரையோ காயோ வைப்பதும், சாயங்காலம் அரை மணி நடப்பதும் கடலையைவிடப் பெரிய வேலை செய்யும். அம்மாவின் மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த பரிசோதனையில் என்ன எண் வந்தாலும், ஏறியிருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா